ஏரி மண்ணும் கடல் நீரும்

கரிக்கலாம்பாக்கத்தில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் தெரியாது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே, நெல்லும் கரும்பும் விளையும் வயல்களுக்கு நடுவே உள்ள ஊர் அது. கண்ணுக்கு எட்டிய மட்டும் வரப்பும் வாய்க்காலும் பனைமரங்களுமே. கடலோ கிழக்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது. கடலையும் கலையையும் பற்றி இன்று எழுத முன்வந்த நாம், புதுவைக் கடற்கரைச் சாலையை விட்டுவிட்டு இந்த உள்நாட்டு ஊரிலிருந்து தொடங்குவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

கடலைப் பொருளாகக் கொண்டு சித்திரம் தீட்டுவோரும், சிலை வடிப்போரும், நிழற்படம் எடுப்போரும் இக்காலத்தில் பெருகியிருக்கிறார்கள். இயற்கையும் மனிதனும் என்ற தலைப்பில் கண்காட்சிகளும் பிரசங்கங்களும் பட்டணங்களில் குறைவின்றி நடக்கின்றன. அவற்றை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பார்க்கும்பொழுது நமக்கு ஒன்று தோன்றுகிறது. கடல் அங்கே வெறும் காட்சி. மனிதன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பார்வையாளன். அந்த நீரோடு அவனுக்குக் கொடுக்கலும் இல்லை, வாங்கலும் இல்லை. நம் நாட்டில் கடலைச் சார்ந்த கலை இவ்விதம் பிறக்கவில்லை. கடலோடு கொடுக்கல் வாங்கல் உடையவர்களே அதைப் படைத்தார்கள். வலை வீசுவோரும், மரக்கலம் கட்டுவோரும், கடலைத் தினந்தோறும் காணாத உள்நாட்டுக் குயவர்களுங்கூட அவர்களில் சேர்ந்தவர்கள். குயவருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழர் இலக்கணம் வகுத்தபொழுது நிலத்தை ஐந்தாகப் பிரித்து, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றார்கள். அத்தோடு நில்லாமல், அந்நிலத்துக்கு ஒரு தெய்வத்தையும், ஒரு தொழிலையும், ஒரு மன நிலையையும் வகுத்து வைத்தார்கள். வருணன் தெய்வம், மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் தொழில், பிரிவினால் வரும் இரங்கல் அந்நிலத்தின் உணர்ச்சி. ஐங்குறுநூற்றில் நெய்தலைப் பாடிய அம்மூவனார் நூறு பாட்டுப் பாடினார். நூறும் மனிதரைப் பற்றியவையே. நண்டும் நாரையும் ஞாழற்பூவும் அவற்றில் வருகின்றன. ஆனால் தனியாக வருவதில்லை, ஒரு பெண்ணின் துயரத்தோடு சேர்ந்தே வருகின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் பிரிவது புகார்க் கடற்கரையில், கானல்வரிப் பாட்டின் முடிவிலேதான். கடற்கரையில் வைத்துப் பாடப்பட்டதாலேயே அந்தப் பாட்டு அந்த விளைவைத் தந்தது என்பது நம் அபிப்பிராயம். கொலு மண்டபத்தில் பாடியிருந்தால் அது வெறும் பாட்டாக முடிந்திருக்கும்.

மேல்நாட்டுக் கலையை நாம் அறியாமல் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். அங்கும் கிழக்கிலும் உள்ள உயர்ந்த கலைஞர்கள் இதே உண்மையை உணர்ந்தவர்கள். ஜப்பானியச் சித்திரகாரர் ஹொக்குசாய் 1831-ம் ஆண்டையொட்டி அச்சிட்ட பேரலைப் படம் உலகப் பிரசித்தமானது. அலையின் நகங்கள் போன்ற நுரையையும், பின்னே சிறியதாகத் தெரியும் பூஜி மலையையும் எல்லோரும் புகழ்கிறார்கள். அலையின் அடியில் மூன்று படகுகள் இருப்பதையும், அவற்றில் துடுப்பின்மேல் குனிந்து உயிரைக் கையில் பிடித்துக் கொண்டிருக்கும் படகோட்டிகளையும் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? அவர்கள் மீன் ஏற்றிச் செல்லும் கூலிக்காரர்கள். அவர்களை நீக்கிவிட்டால் அது அழகான நீல நிறத் துணியாகிவிடும். பிரெஞ்சு சங்கீத வித்வான் தெபுஸ்ஸி கடலைப் பற்றி இயற்றிய இசையை 1905-ம் வருஷம் அச்சிட்டபொழுது இந்த அலையையே மேலட்டையில் போட்டார்; படகுகளை விட்டுவிட்டார்கள். பார்ப்பவனுக்கும் பிழைப்பவனுக்கும் உள்ள வேற்றுமை இந்த மேலட்டையில் அடங்கியிருக்கிறது.

நம் புதுவைப் பக்கத்துக்கு வருவோம். வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் கோயிலின் தல வரலாற்றை இப்பக்கத்தார் எல்லோரும் அறிவர். வீரராகவன் என்ற மீனவர் செங்கழுநீர் ஓடையில் வலை வீச, மீனுக்குப் பதில் ஒரு மரக்கட்டை சிக்கிற்று; வீட்டுக்குக் கொண்டுவந்ததை மனைவி அடுப்புக்காகப் பிளக்கப் போக, கட்டையிலிருந்து இரத்தம் வழிந்தது; அக்கட்டையே அம்மனாயிற்று என்பது வரலாறு. இதைச் சரித்திரம் என்று நாம் வாதாடப் போவதில்லை. ஆனால் நீர் கொடுத்த கட்டையில் உயிர் இருக்கிறது, அதை விறகாக எரிக்கலாகாது, தெய்வமாக வடிக்க வேண்டும் என்று ஒரு மீனவர் குப்பம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதே, அதைவிடத் தெளிவான கலைக் கொள்கையை எந்தச் சர்வகலாசாலைப் புத்தகத்தில் காண முடியும்? ஆடி மாதத்து அத்தேரின் வடத்தைப் பிரெஞ்சு கவர்னர்களும் பிடித்திழுத்தார்கள்; 1954-ம் வருஷத்துக்குப் பிறகு நம்மவர்களும் அந்த வழக்கத்தை விடவில்லை.

வீராம்பட்டினத்தை ஒட்டியது அரிக்கமேடு. 1937-ம் வருஷத்தை ஒட்டி பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் அங்கே கிடைத்த மணிகளையும் செதுக்குக் கற்களையும் கண்டு அவ்விடத்தின் பெருமையை உலகுக்கு அறிவித்தார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் துரை தோண்டி, ரோமாபுரிப் பாண்டங்களையும் ஜாடிகளையும் வெளிக் கொணர்ந்தார். அன்று முதல் ரோமாபுரி, ரோமாபுரி என்றே பேச்சு. ரோமர் வந்ததால் நமக்குப் பெருமை என்று நினைப்பது நம்மவர்களுடைய பழைய வியாதி. அங்கே கிடைத்தவற்றில் நம் மனத்தைக் கவர்வன சிறு சிறு கண்ணாடி மணிகளே. கடுகு, மிளகு அளவிலுள்ள அம்மணிகளை இவ்வூர்த் தொழிலாளிகள் கண்ணாடிக் குழம்பைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்தார்கள். அவ்வகை மணிகள் கடல் தாண்டிக் கீழ்த்திசைத் தீவுகள் வரையில் சென்றிருக்கின்றன. அந்தத் தொழில்முறை ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை உயிரோடு இருந்து வந்தது. மணலும் நெருப்பும் கடல் வழியும் சேர்ந்து பிறந்த கலை அது. செய்தவர் பெயர் ஒன்றாவது தெரியாது. ரோமச் சக்கரவர்த்தியின் பெயர் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது!

கவிஞர்களையும் மறக்கலாகாது. 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பத்து வருஷங்கள் தமிழ்க் கவிதைக்கு எத்தகைய காலம் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அவர் வழிவந்த பாரதிதாசன், 1944-ல் வெளிவந்த 'அழகின் சிரிப்பு' என்ற நூலில் கடலுக்கு ஒரு பகுதி ஒதுக்கினார். அதே நூலில் சிற்றூருக்கும் ஒரு பகுதி உண்டு. பாரதிதாசனிடம் பயின்ற வாணிதாசன் வில்லியனூரில் 1915-ல் பிறந்து, பாகூரை அடுத்த சேலியமேட்டில் வாழ்ந்தவர். கரிக்கலாம்பாக்கத்து வயல்களைப் போன்ற வயல்களே அவருடைய பாட்டின் விளைநிலம். அவரைத் தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த் என்று சிலர் புகழ்ந்தார்கள். நாம் அதை அவ்வளவு பெரிய புகழாகக் கொள்ளவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தை இங்கிலாந்தின் வாணிதாசன் என்று எவரும் சொல்லக் காணோம். அவர் இயற்றிய 'கொடிமுல்லை' என்னும் காவியம் மாமல்லபுரத்துச் சிற்பிகளின் உலகத்தைக் களமாகக் கொண்டது. கடலோரப் பாறையை உளியால் பேச வைத்தவர்களின் கதையை வயல் நாட்டுக் கவிஞர் பாடியது பொருத்தமே.

இப்பொழுது மண்ணுக்கு வருவோம்.

தென்பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரு நாட்டியப் பெண்கள் தம் பொருளைச் செலவிட்டு இவ்வாய்க்காலை வெட்டுவித்தார்கள் என்று இப்பக்கத்தார் சொல்லுவார்கள். ஆடற்கலையால் வந்த பொருள் நீராக ஓடிற்று என்று ஜனங்கள் நம்புகிறார்கள். பாகூர் அந்நாளிலேயே சாமான்ய ஊரன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைச் சொல்லுகின்றன. புதுவைப் பகுதியில் 84 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் ஊசுட்டேரி முதலாவது, பாகூர் ஏரி இரண்டாவது. ஆற்று நீர் ஏரியில் தங்கும்பொழுது அது சுமந்துவந்த நுண்ணிய வண்டல் அடியில் படிகிறது. அவ்வண்டலை வருஷந்தோறும் எடுத்தால்தான் ஏரியில் நீர் கொள்ளும். குடியானவன் அதை வயலுக்கு எருவாகக் கொண்டு போனான். குயவர் அதைச் சக்கரத்துக்குக் கொண்டு போனார். ஏரிக்கு ஆழமும், வயலுக்கு உரமும், வீட்டுக்குப் பானையும், கோயிலுக்குக் குதிரையும் ஒரே வேலையில் கிடைத்தன. இதை எவரும் இயற்கைப் பாதுகாப்பு என்று அந்நாளில் அழைத்ததில்லை.

ஊர் எல்லையிலுள்ள ஐயனார் கோயில்களில் மண் குதிரைகளை நேயர்கள் பார்த்திருப்பார்கள். மண்ணை உலர்த்தி, உடைத்து, ஊற வைத்து, கல்லும் வேரும் நீக்கி, மணல் கலந்து காலால் மிதித்துப் பதமாக்குகிறார்கள். கால், வயிறு, கழுத்து என்று உள்ளே கூடாக வைத்துத் தனித்தனியே வளர்த்து ஒட்டுகிறார்கள். காற்றுப் போக வழி விடுகிறார்கள், இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். சுமார் 600 பாகை சூட்டில், களிமண்ணோடு கட்டுண்டிருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு நனைத்தாலும் அது மறுபடி களிமண் ஆகாது. அப்படிச் சுட்ட குதிரையைக்கூட நம்மவர்கள் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று காது உடைந்து, கால் முறிந்து, கடைசியில் அது மண்ணோடு சேருகிறது. அடுத்த நேர்த்திக்கடனுக்குப் புதிய குதிரை வருகிறது. குதிரை அழிந்தால்தான் குயவரின் கை அழியாமல் இருக்கும் என்று ஜனங்கள் அறிந்திருந்தார்கள் போலும். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவ்வேலையில் வல்லவரான வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020-ம் வருஷம் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இவை நமக்கு மகிழ்ச்சி தரும் செய்திகளே.

ஆனால் சுட்ட மண்ணைவிடச் சுடாத மண்ணைப் பற்றியே நாம் இன்று முக்கியமாகப் பேச விரும்புகிறோம். ஆவணி மாதத்து விநாயக சதுர்த்திக்குப் பச்சை மண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, நிழலில் உலர்த்தி, கண்ணுக்குக் குன்றிமணி வைத்துப் பிள்ளையார் செய்வது நம் குயவர்களின் பரம்பரை வேலை. மரப் பலகையைக் கொண்டுபோய்க் குயவர் வாசலில் பிள்ளையார் வாங்கி, காகிதக் குடையும் எருக்கம்பூ மாலையும் சாத்தி, மூன்றாம் நாள் கிணற்றிலோ குளத்திலோ கடலிலோ விடுவது வழக்கம். விட்ட சில மணி நேரத்தில் பிள்ளையார் நீரோடு கலந்துவிடுவார். ஏரியில் படிந்த வண்டல், ஒரு கைவினைஞர் கையில் மூன்று நாள் தெய்வமாக இருந்து, மறுபடி நீரின் அடியில் வண்டலாகிறது. கரிக்கலாம்பாக்கத்து வீட்டுப் பிள்ளையார் கடலுக்குப் போவது, அந்த மண்ணைச் சுமந்து வந்த ஆறு போக வேண்டிய இடத்துக்கே போவதாகும். மாசி மகத்தன்று மயிலத்து முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் உள்நாட்டிலிருந்து புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து தீர்த்தவாரி காண்பதும் இந்த உறவின் மற்றொரு முகம். கடலைப் பார்க்காத ஊரானுக்குக் கடலின்மேல் உள்ள பாத்தியதையை இவ்விரண்டு திருவிழாக்களும் வருஷந்தவறாமல் புதுப்பித்து வந்தன.

1893-ம் வருஷம் திலகர் பூனாவில் இப்பண்டிகையை வீட்டுக்குள்ளிருந்து வீதிக்குக் கொண்டுவந்தபொழுது அவர் நாடியது ஜனங்களை ஒன்று சேர்ப்பதை. நம் பக்கத்தில் வீதிதோறும் பெரிய உருவங்களை வைக்கும் வழக்கம் பெரும்பாலும் 1980-களுக்குப் பிறகே பெருகிற்று. உருவம் பெரிதாகப் பெரிதாக, பச்சை மண் தாங்கவில்லை. அப்பொழுது வந்து சேர்ந்தது பாரிஸ் சாந்து. ஜிப்சக் கல்லைச் சுமார் 150 பாகை சூட்டில் வாட்டினால் அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு போய்ப் பொடியாகும். அதில் நீர் விட்டால் சில நிமிஷத்தில் கல்லாக இறுகும். இலேசானது, மலிவானது, ஒரே அச்சில் நூறு உருவம் வார்க்கலாம். ஆனால் இறுகியது மறுபடி எளிதில் கரைவதில்லை. ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராம் அளவே கரையும். கடலில் விட்ட மறுநாள் காலையில் தும்பிக்கை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் காட்சியை நாம் வருணிக்க விரும்பவில்லை. நாத்திகர் செய்யத் துணியாத அவமதிப்பைப் பக்தர்களே செய்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். மேலே பூசிய வர்ணங்களிலுள்ள ஈயமும் குரோமியமும் மீனுக்குள் போய் மீனவர் சட்டிக்குத் திரும்பி வருவது வேறு விஷயம்.

சட்டம் என்ன செய்தது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-ல் வழிமுறைகளை வெளியிட்டது; 2020-ல் அவற்றைத் திருத்திப் பாரிஸ் சாந்து உருவங்களைத் தடை செய்தது; கொரோனாக் காலத்தை முன்னிட்டு நடைமுறையை ஒரு வருஷம் ஒத்திப்போட்டது. 2023-ம் வருஷம் செப்டம்பரில் சதுர்த்திச் சமயத்தில், சென்னை உயர் நீதிமன்றம் இவ்விஷயத்தில் இட்ட தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜூனிலோ பம்பாய் உயர் நீதிமன்றம், பாரிஸ் சாந்து உருவங்களைச் செய்யலாம், ஆனால் இயற்கையான நீர்நிலைகளில் கரைக்கலாகாது என்று வழி விட்டது. வக்கீல் தொழில் பழகிய நமக்கு இத்தீர்ப்புகளின் நுட்பம் புரிகிறது. ஆனால் சாமான்யமான ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கரைப்பதற்கென்றே செய்யப்படும் ஒரு பொருளைக் கரைக்கக் கூடாத பண்டத்தால் செய்ய அனுமதித்துவிட்டு, பிறகு ஆளை வைத்துக் காவல் காப்பது என்ன நிர்வாகம்?

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் சொல்லிவிடுவதே நியாயம். பாரிஸ் சாந்தில் வேலை செய்வோரும் ஏழைகளே. பலர் வட நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து சாலையோரத்தில் கூடாரம் போட்டுப் பிழைப்பவர்கள். போலீஸாரைக் கொண்டு அவர்கள் அச்சுகளை உடைப்பதால் கடல் சுத்தமாகிவிடாது. மண்ணில் பதினைந்து அடி உருவம் செய்ய முடியாது என்பதும் வாஸ்தவமே. ஆனால் விழுப்புரம் பக்கத்தில் காகிதக் கூழும் மரவள்ளிக் கிழங்கு மாவும் கலந்து பெரிய உருவங்களைச் செய்கிறார்கள். நம் திருக்கனூர்க் காகிதக் கூழ் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அச்சு வேலை தெரிந்த கைகள் அந்தத் தொழிலுக்கு மாறுவது பெரிய கஷ்டமல்ல. அது நிற்க, பதினைந்து அடி எதற்கு என்று கேட்கும் தைரியமும் நம் வாலிபர்களுக்கு வேண்டும். ஒரு தெருவார் அடுத்த தெருவாரைவிட இரண்டு அடி உயரமாக வைக்க வேண்டும் என்ற போட்டியில் பக்தி எங்கே, கலை எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது.

கடலையும் நாம் விட்டுவைக்கவில்லை. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்கள் எழுந்தன. நம் கரையில் வருஷத்தில் பெரும் பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவத்தில் சிறிது காலம் மாத்திரம் திரும்பும். லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இவ்வாறு ஒவ்வொரு வருஷமும் நடந்து செல்கிறது. குறுக்கே சுவர் வைத்ததும் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே புதுவை நகரத்தின் கடற்கரை தேய்ந்து, மணல் இருந்த இடத்தில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார் சாவடி முதலிய மீனவர் ஊர்கள் வீடுகளையும் வலை உலர்த்தும் மணலையும் இழந்தன. சேகர் தத்தாத்ரி இதைச் சலனப் படமாக எடுத்து நாட்டுக்குக் காட்டினார். கடலைப் பற்றி நம் காலத்தில் வந்த கலைகளில் பயனுள்ளது அது என்று தயங்காமல் சொல்வோம். சென்னை தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் நீருக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கியதன் பயனாக 2018-ஐ ஒட்டி நகரத்தின் முன்னே கொஞ்சம் மணல் திரும்பிற்று. அக்கொஞ்ச மணலில் மாலை வேளையில் ஜனங்கள் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், இழந்தது என்ன என்று தெரியும். இங்கே கற்சுவர் செய்த காரியத்தையே ஏரியில் அலட்சியம் செய்கிறது. மண் போகவேண்டிய இடத்துக்குப் போக விடாமல் ஒன்று தடுக்கிறது. எடுக்க வேண்டிய மண்ணை எடுக்காமல் மற்றொன்று தூர்க்கிறது.

சித்திரக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1966-ம் வருஷம் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக் கலைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். அவர்கள் எவரிடமும் மானியம் கேட்டு நிற்கவில்லை. துணியில் பாத்திக் சாயம் தோய்த்தும், மற்றக் கைத்தொழில்கள் செய்தும் விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், மீதி நேரத்தில் ஓவியம் எழுதினார்கள். கைத்தொழில் வேறு, கலை வேறு என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பேதத்தை அவர்கள் செயலில் உடைத்தார்கள். புதுவையில் இன்று ஓவியர்கள் பலர் இருக்கிறார்கள், சாமர்த்தியசாலிகள். அவர்கள் கடற்கரைச் சாலையில் கான்வாஸ் துணியை விரிப்பதோடு, வருஷத்தில் ஒரு மாதம் வில்லியனூர்ப் பக்கத்துக் குயவர் வாசலில் உட்கார்ந்தால் இருவருக்கும் நன்மை உண்டு. பிள்ளையார் அச்சுகள் பழமையானவை. நல்ல கண் உள்ளவர்கள் புதிய அச்சுகள் வெட்டிக் கொடுக்கலாம். சிறிய உருவத்தை எல்லோரும் விரும்பும்படி செய்வது சட்டத்தால் ஆகாது, அழகால் ஆகும்.

பள்ளிக்கூடங்களும் செய்யலாம். கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், நெட்டப்பாக்கம், பாகூர் முதலிய ஊர்ப் பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பில் காகிதமும் மெழுகு வர்ணமும் கொடுக்கிறார்கள். ஒரு கூடை ஏரி மண்ணும் கொடுக்கலாமே! கடலைக் காணாத குழந்தை கடலைப் படமாக எழுதினால் பாடப் புத்தகத்து நீல அலையைத்தான் எழுதும். தான் பிசைந்து செய்த உருவத்தைத் தன் கையால் கடல் நீரில் விட்டுவிட்டு, அது கரைவதை நின்று பார்க்கும் குழந்தைக்குக் கடல் வேறு விதமாக அறிமுகமாகும்.

சர்க்காருக்கு நாம் சொல்ல வேண்டியது அதிகமில்லை. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுவையின் ஏரிகளைச் செப்பனிட்ட காலத்தில், ஏரி யாருடையது என்ற கேள்விக்கு ஊராரைச் சேர்த்து விடை காணும் முயற்சி நடந்தது. அதைத் தொடர வேண்டும். தமிழ்நாட்டில் 2024-ல், குடியானவர்களும் குயவர்களும் ஏரி வண்டலையும் களிமண்ணையும் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதற்குமுன் ஜில்லாத் தலைநகரத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. பாகூர் ஏரிக்குச் சில மைல் தெற்கே தமிழ்நாட்டு எல்லை. எல்லைக்கு அப்பாலுள்ள குயவருக்குக் கிடைக்கும் சௌகரியம் இப்பாலுள்ள குயவருக்கும் அதே எளிமையோடு கிடைக்க வேண்டும். 1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் ஜனப் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேருவோம் என்று வாக்களித்தபொழுது, ஆற்றையும் மண்ணையும் பிரித்திருந்த எல்லைக் கோடுகள் இனி நம்மை வருத்தா என்றுதான் நம்பினார்கள்.

செங்கல் சூளைக்காரர் லாரியில் அள்ளுவதும் குயவர் வண்டியில் எடுப்பதும் ஒன்றல்ல என்பதை அதிகாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். குயவருக்கு வேண்டியது மேலே படிந்த நுண்ணிய வண்டல். ஏரியின் அடியைத் துளைத்துப் பள்ளமாக்க அவருக்கு அவசியமில்லை. காலமும் முக்கியம். சிற்றேரிகள் வற்றி, மண் எடுக்க ஏற்ற பதத்தில் இருப்பது சித்திரை, வைகாசி மாதங்களில். எடுத்த மண் உலர்ந்து, ஊறி, புளித்துப் பதமாகச் சில வாரங்கள் செல்லும், சதுர்த்தியோ ஆவணியில். மனுக் கொடுத்து, மேஜை மேஜையாக நகர்ந்து, ஆடியில் கைக்கு வரும் அனுமதிச் சீட்டால் பிள்ளையாரின் கால் விரலைக்கூடச் செய்ய முடியாது. பங்குனி முடிவதற்குள் சீட்டைக் கொடுத்து, ஏரியில் எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழம் எடுக்கலாம் என்று கல் நட்டுக் காட்டிவிட்டால், மற்றதைக் குயவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.